விற்பவர் அறிந்த குறை: பழைய மகிழுந்து விற்பனையை முன்வைத்து வாணிக அறம் குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

பயன்படுத்திய பொருளை விற்பது தொன்றுதொட்டு நிகழ்ந்துவரும் செயலாகும். நிலம், வீடு, மாடு, குதிரை, வண்டி எனப் பொருள்கள் காலந்தோறும் மாறினும் அவ்விற்பனையில் எழும் அறவினா ஒன்றே. பொருளின் குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். வாங்குபவர் வினவாதபோது, விற்பவர் தாமே முன்வந்து அக்குறையைக் கூறக் கடமைப்பட்டவரா என்பதே அவ்வினா. இதனை, இன்றைய நகர வாழ்வில் பரவலாக நிகழும் பழைய சொகுசு மகிழுந்து விற்பனையை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்விற்கு மைசூரு நகரின் தேவராஜ மொஹல்லா களமாகக் கொள்ளப்படுகிறது. இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அப்பகுதிக்குப் பெயர்பெற்றுத் தரும் தேவராஜ அங்காடி கண்ணால் கண்டு வாங்கும் பழைய வாணிக முறைக்குச் சான்றாக இன்றும் நிற்பது. மற்றொன்று, விற்பனைக் குறை பற்றி விதி வகுத்த பழைய நூலொன்று மீண்டும் உலகிற்குக் கிடைத்தது மைசூர் நகரிலேயே என்பது.

காண்குறையும் மறைகுறையும்

சயாஜிராவ் சாலையை ஒட்டிய தேவராஜ அங்காடியில் வெற்றிலை வாங்குபவர் கவுளியைப் பிரித்து நடு இலையைப் பார்க்கிறார். வாழைப்பழம் வாங்குபவர் காம்பை அழுத்துகிறார். மல்லிகை வாங்குபவர் மொட்டின் நிறத்தையும் ஈரத்தையும் நோக்குகிறார். இங்கு விற்பவர் அறிந்த குறையில் பெரும்பகுதியை வாங்குபவரும் சில நொடிகளில் அறிந்துவிட இயலும். அறியாமல் போனாலும் இழப்பு ஒரு நாள் செலவளவே. எனவே விற்பவர் பேசாதிருப்பினும் பொருளே பேசிவிடுகிறது எனலாம்.

அதே மொஹல்லாவின் தெரு ஒன்றில், ஒரு வீட்டின் முன் விற்பனைக்கு நிற்கும் எட்டாண்டுப் பழமையுடைய எஸ்.யு.வி. வகைச் சொகுசு மகிழுந்து ஒன்றைக் கருத்தளவில் கொள்வோம். அதன் உரிமையாளர் நான்கு குறைகளை அறிவார். இரவில் நிறுத்திய வண்டி காலையில் ஒருபுறம் தாழ்ந்திருக்கிறது. ஏர் சஸ்பென்ஷனில் எங்கோ காற்றுக் கசிகிறது. நெடுநேரம் ஏற்றத்தில் சென்றால் கியர்பாக்ஸ் சூடேறி, கியர் மாறும்போது உதைக்கிறது. இரு வாரங்களுக்கு ஒருமுறை கூலன்ட் ஊற்ற வேண்டியுள்ளது. பெருமழையில் மேற்கூரைக் கண்ணாடியின் வடிகுழாய் அடைத்து, நீர் உள்ளே இறங்குகிறது.

இவற்றுள் ஒன்றும் வாங்க வருபவரின் கண்ணுக்குப் புலப்படாது. என்ஜினை இயக்கிய சிறிது நேரத்தில் காற்று நிரம்பி வண்டி சமநிலைக்கு வந்துவிடும். நகரச் சாலைகளில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் கியர்பாக்ஸ் சூடேறாது. சாமுண்டி மலை ஏறினால்தான் ஒருவேளை தெரியவரும். கூலன்ட் குறைவது நாட்பட்டே விளங்கும். மழைக்குறையை வெயில் நாளில் காண இயலாது. ஆகவே பூச்சு உரிதல், இருக்கை கிழிதல் போன்றவற்றைக் காண்குறை என்றும், உடன்வாழ்ந்தவர் மட்டுமே அறியக்கூடியவற்றை மறைகுறை என்றும் பகுத்துக்கொள்வது இவ்வாய்விற்குத் துணைசெய்யும். அறவினா எழுவது மறைகுறையிலேயே ஆகும்.

சட்டம் வகுக்கும் எல்லை

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தனது 17ஆம் பிரிவில் வஞ்சனையை வரையறுக்கிறது. உண்மையை அறிந்தவர் அதனை முனைந்து மறைத்தல் வஞ்சனையாகும். ஆயின் வெறுமனே பேசாதிருத்தல் பொதுவாக வஞ்சனையாகாது. பேச வேண்டிய கடமை இருக்குமிடத்திலும், பேசாமையே பேச்சுக்கு ஈடாக அமையுமிடத்திலும் மட்டும் அது வஞ்சனையாகக் கொள்ளப்படும்.

இப்பிரிவின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் குதிரை விற்பனையைப் பற்றியனவாக இருப்பது இங்குக் கருதத்தக்கது. உடற்குறையுள்ள குதிரையை ஒருவர் ஏலத்தில் விற்கிறார். குறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இது வஞ்சனையன்று எனச் சட்டம் கூறுகிறது. வாங்குபவர் விற்பவரின் மகளாகவும் அப்போதுதான் உரிய அகவை எய்தியவராகவும் இருப்பின், அவ்வுறவின் காரணமாகக் குறையைச் சொல்லும் கடமை தந்தைக்கு ஏற்படுகிறது. வாங்குபவர், தாங்கள் மறுக்காவிடில் குதிரை நலமாக உள்ளது எனக் கொள்வேன் என்று சொல்லியும் விற்பவர் வாய்திறவாதிருந்தால், அம்மௌனம் பேச்சாகிவிடுகிறது.

1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவும் வாங்குபவரின் விழிப்பையே பொதுவிதியாகக் கொள்கிறது. அத்தகைய பொருள்களை விற்பதையே தொழிலாகக் கொண்டவர்மீது அது சில பொறுப்புகளைச் சுமத்தினும், தம் சொந்த வண்டியை விற்கும் தனிமனிதர் பெரும்பாலும் அதன் வலைக்கு வெளியே நிற்கிறார். 1989ஆம் ஆண்டின் மைய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பழைய வண்டி வணிகர்க்கு அங்கீகாரச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. வண்டி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை அது தெளிவாக்குகிறது. வண்டியில் என்ன குறை இருக்கிறது என்பது அதன் முதன்மை நோக்கமன்று.

எனவே மேற்காட்டிய மகிழுந்தின் உரிமையாளர், கேட்டால் பொய் சொல்லாமலும், கேளாதபோது பேசாமலும் இருந்தால் சட்டம் அவரைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆயினும் இப்பாதுகாப்பு தோன்றும் அளவிற்கு உறுதியானதன்று. வாங்குபவர் வருவதற்குச் சற்று முன்னரே என்ஜினை இயக்கி வண்டியைச் சமநிலைக்குக் கொணர்தல், கூலன்டை நிறைத்து வைத்தல், முகப்பில் எரியும் எச்சரிக்கை விளக்கை ஸ்கேனர் கொண்டு அணைத்துவிடுதல் ஆகியவை பேசாமையா, மறைத்தலா? குறையை உடைய வண்டியை விற்பனைக்கு அணியமாக்கும் செயலே பலவேளைகளில் மறைக்கும் செயலாகிவிடுகிறது. வாய் பேசாதிருக்கக் கை பேசுகிறது. மௌனத்திற்கும் மறைத்தலுக்கும் இடையே சட்டம் இட்ட கோடு, ஏலத்தில் நின்ற குதிரையைவிட இயந்திரத்தில் மிக மெல்லியதாகிவிடுகிறது எனலாம்.

மைசூரில் கிடைத்த சுவடி

தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் அரசின் கீழ்த்திசை நூலகத்திற்கு அளித்த கிரந்த எழுத்துச் சுவடி கௌடிலியரின் அருத்தசாத்திரமாகும். அந்நூலகத்தைச் சேர்ந்த ஆர். சாமா சாஸ்திரி அதனை 1909ஆம் ஆண்டு பதிப்பித்தார்; 1915ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பையும் நூலாக வெளியிட்டார். தமிழகத்திலிருந்து சென்ற ஒரு சுவடி மைசூரில் அச்சேறி உலக அறிஞரின் கவனத்தைப் பெற்றமை நன்கு அறியப்பட்டதே. அதன் மூன்றாம் பகுதியில் விற்றதையும் வாங்கியதையும் முறித்துக்கொள்ளுதல் பற்றிய ஓர் இயல் உள்ளது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

நோயுற்ற விலங்கை நலமுடையது எனக் கூறி விற்பவர்க்கு அவ்வியல் பன்னிரண்டு பணம் தண்டம் விதிக்கிறது. நாற்கால் விலங்குகளின் விற்பனையை முறித்துக்கொள்ள மூன்று அரைத்திங்கள் காலம் தருகிறது. அடிமை மாந்தரையும் இவ்விதிக்குள் அடக்கியிருப்பது அக்காலச் சமூகத்தின் கறையாகும். எனினும் காலவரம்பிற்கு நூல் கூறும் காரணம் நோக்கத்தக்கது. பொருளின் குற்றமும் குற்றமின்மையும் அவ்வளவு காலத்திற்குள் அறியப்பட்டுவிடும் என்பதே அக்காரணம். அதாவது, வாங்கும் நொடியில் வாங்குபவரால் எல்லாவற்றையும் அறிய இயலாது என்பதை இந்நூல் ஏற்றுக்கொள்கிறது. அறிவு காலத்தைப் பொறுத்தது. விற்பவர் பொருளுடன் கழித்த காலத்தை வாங்குபவர் இன்னும் கழிக்கவில்லை. இவ்வேற்றுமையை ஈடுசெய்யவே காலவரம்பு தரப்படுகிறது. தனியார் மகிழுந்து விற்பனையில் இத்தகைய திருப்பிக்கொள்ளும் காலம் வழக்கத்தில் இல்லாமையால், அவ்விடத்தை நிரப்பக்கூடியது விற்பவரின் சொல் ஒன்றே ஆகும்.

உரோமரின் வாதம்

கி.மு. 44ஆம் ஆண்டில் சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதி இவ்வினாவையே விவாதிக்கிறது. நலக்கேடான, பூச்சிகள் மலிந்த, மரம் உளுத்த வீடொன்றின் குறையை உரிமையாளர் மட்டுமே அறிவார். அவர் அதனைச் சொல்லாமல் விற்கலாமா? ஸ்டோயிக் மரபினராகிய தயோசெனஸ், எவரும் வாங்கும்படி வற்புறுத்தப்படவில்லை என்றும், தம் பொருளின் குறையைத் தாமே பறைசாற்றுவது நகைப்பிற்குரியது என்றும் கருதினார். அதே மரபினராகிய அந்திபாதர், வழிதவறியவர்க்கு வழிகாட்டாதிருப்பதைவிட இது கொடிது என்றார். ஏனெனில் இங்கு ஒருவர் அறிந்தே பிறரைத் தவறான வழியில் செலுத்துகிறார்.

சிசரோ அந்திபாதர் பக்கமே தீர்ப்பளித்தார். ஒன்றைச் சொல்லாதிருப்பதெல்லாம் மறைத்தலாகாது. அறிந்தால் பயன்பெறக்கூடியவர் அறியாதிருக்க வேண்டும் எனத் தம் ஊதியம் கருதி ஒருவர் விரும்புவதே மறைத்தல் என்பது அவர் தந்த விளக்கம். இவ்வரையறை வினாவை வாயிலிருந்து நெஞ்சிற்கு மாற்றுகிறது. வாங்க வருபவர் மெக்கானிக்கை அழைத்து வரமாட்டாரா என எதிர்பார்த்து அமைதியாக இருப்பவரும், அழைத்து வந்துவிடக் கூடாதே என அஞ்சி அமைதியாக இருப்பவரும் பேசாமையில் ஒத்தவரே, அறத்தில் ஒத்தவரல்லர்.

தமிழ் மரபில் வாணிக அறம்

வள்ளுவர் வாணிகம் பற்றிய குறளைப் பொருட்பாலில் வைக்காமல் அறத்துப்பாலின் நடுவுநிலைமை அதிகாரத்தில் 120ஆம் குறளாக வைத்துள்ளமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணிச் செய்வதே வாணிகர்க்கு நல்ல வாணிகம் என்பது அதன் கருத்து. கொள்வது மிகாமலும் கொடுப்பது குறையாமலும் ஒப்ப நாடிச் செய்தல் எனப் பரிமேலழகர் இதனை விளக்குவார். அதே அதிகாரம் துலாக்கோலை உவமையாகக் கொண்டது. துலாக்கோலின் இரு தட்டுகளும் இருவர் கண்ணிலும் படவேண்டும். ஒரு தட்டில் உள்ளதை ஒருவர் மட்டுமே காண்பாராயின், கோல் நேராக நிற்பினும் அந்நிறை நடுவுநிலையாகாது.

இவ்விடத்தில் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் எடுத்துக்காட்டை மீண்டும் நினைவுகூர்தல் பொருந்தும். மகளுக்கு விற்றால் குறையைச் சொல்ல வேண்டும். அயலார்க்கு விற்றால் வேண்டுவதில்லை என்பது சட்டம். பிறருடையதையும் தமதுபோலக் கருதுக என்பது குறள். சட்டம் விதிவிலக்காக வைத்ததைக் குறள் விதியாக்கிவிடுகிறது. சட்டத்தின்படி உறவே கடமையைப் பிறப்பிக்கிறது. குறளின்படி வாணிகமே ஓர் உறவாகிறது.

வாய்மை அதிகாரமும் இதற்கு அரண்செய்கிறது. தீமை பயவாத சொல்லே வாய்மை எனச் சொல்லின் தன்மையை அதன் விளைவால் அளப்பவர் வள்ளுவர். அவ்வளவுகோலைப் பேசாமைக்கும் பொருத்தின், தீமை பயக்கும் மௌனம் வாய்மையின் பக்கம் நிற்க இயலாது என்பது பெறப்படும். தன் நெஞ்சறிந்த ஒன்றில் பொய்ப்பவரை அந்நெஞ்சே வருத்தும் என அவர் எச்சரிப்பதும், பிறரெவரும் அறியாத குறைக்கு மிகப் பொருந்துவதாகும்.

பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் காவிரிப்பூம்பட்டின வணிகர் பழிக்கு அஞ்சி உண்மை பேசுபவர். தமதையும் பிறரதையும் ஒப்ப நோக்குபவர். கொள்வதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் இன்றிப் பண்டங்களை விலைபகர்ந்து கொடுப்பவர். ஈண்டுப் பகர்தல் என்னும் சொல்லின் இருபொருள் கருதத்தக்கது. அச்சொல் சொல்லுதலையும் குறிக்கும், விற்றலையும் குறிக்கும். பழந்தமிழில் விற்பவர் பகர்நர் எனப்பட்டனர். கூவி விற்கும் வழக்கத்தால் இவ்விருபொருள் தோன்றியிருக்கலாம். சொல்லொற்றுமை ஒன்றையே கொண்டு அறத்தை நிறுவுதல் பொருந்தாது. ஆயினும், விற்பதைச் சொல்லுவதாகவே கண்ட ஒரு மொழியில், சொல்லாமல் விற்பது முரணாகவே தோன்றும் என்பதை மறுத்தற்கியலாது.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்திற்கு எதிராகச் சில மறுப்புகள் எழுதல் இயல்பு. முதலாவது, பழைய வண்டியில் குறை இருக்கும் என்பது எவரும் அறிந்ததே. குறைந்த விலையே அதற்கான ஈடு என்பது. இது ஓரளவே பொருந்தும். எட்டாண்டுப் பழைய வண்டிக்குரிய பொதுவான தேய்மானமே விலையில் அடங்கியுள்ளது. இந்த வண்டிக்கே உரிய கியர்பாக்ஸ் குறை அடங்கவில்லை. மேலும், சொகுசு வண்டியின் விலை ஆண்டுதோறும் வீழ்கிறது. அதன் உதிரிபாகங்களின் விலை அவ்வாறு வீழ்வதில்லை. புது வண்டியின் தரத்திற்கு ஏற்ற செலவே பழைய வண்டியின் பழுதிற்கும் ஆகிறது. வாங்குபவர் செல்வர், ஆதலின் இரங்க வேண்டியதில்லை என்னும் எண்ணமும் இதனால் வலுவிழக்கிறது. புதியதை வாங்க இயலாதவரே பெரும்பாலும் பழையதை நாடுகிறார். அவர் கடன்பெற்று வாங்கிய வண்டியின் ஒரு பழுது, அவ்வீட்டின் பிற தேவைகளை உண்ணக்கூடும்.

இரண்டாவது, வாங்குபவர் மெக்கானிக்கைக் கொண்டு சோதித்துக்கொள்ளலாமே என்பது. வாங்குபவர்க்கும் விழிப்புக் கடமை உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவும் இயல்பான முயற்சியால் உண்மையை அறியக்கூடியவராக அவர் இருந்தாரா என நோக்குகிறது. ஆயின் ஒருவரின் கடமை மற்றவரின் கடமையை நீக்காது. ஒரு மணி நேரச் சோதனை, ஓராண்டு உடன்வாழ்ந்த அறிவிற்கு ஈடாகாது. 2015 திசம்பரில் சென்னையிலும் 2022 செப்டம்பரில் பெங்களூருவிலும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் பல. உள்ளே உலர்த்தித் துடைக்கப்பட்டபின், நீர் புகுந்த மின்கம்பி மாதங்கள் கடந்தே தன் குறையைக் காட்டும்.

மூன்றாவது மறுப்பே வலிமை வாய்ந்தது. குறையைச் சொல்பவர் தண்டிக்கப்படுகிறார். சொல்லாதவர் நல்ல விலை பெறுகிறார் என்பது அது. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் பொருளியலறிஞர் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை பழைய மகிழுந்துச் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இச்சிக்கலை விளக்கியது. 2001ஆம் ஆண்டு பொருளியல் நோபல் பரிசை அவர் மற்றிருவருடன் பகிர்ந்துகொண்டார். வாங்குபவரால் நல்லதையும் தீயதையும் பிரித்தறிய இயலாதபோது, எல்லா வண்டிக்கும் அஞ்சிக் குறைத்தே விலை கேட்பார். அவ்விலைக்கு நல்ல வண்டியை உடையவர் விற்க மனங்கொள்ளார். முடிவில் குறையுள்ளவையே சந்தையில் எஞ்சும் என்பது அவர் கருத்தின் சாரம். ஆகவே ஒவ்வொரு மௌனமும் எதிரிலிருக்கும் ஒருவரை மட்டும் ஏமாற்றுவதில்லை. நாளை நேர்மையாக விற்க வருபவரின் சொல்லின் மதிப்பையும் குறைக்கிறது.

எனினும் உண்மை சொல்பவர்க்கு இன்று இழப்பு உண்டு என்பதை மறைத்தல் தகாது. அக்குறையைப் பழுதுபார்க்க ஆகும் செலவைவிட மிகுதியாகவே விலை வீழக்கூடும். நடுவுநிலை தவறி வரும் ஆக்கத்தை, அது நன்மையே தரினும் அன்றே கைவிடுக என வள்ளுவர் கூறுவது இவ்விழப்பை அறிந்தே எனக் கொள்ளலாம். இழப்பில்லாத இடத்தில் அறிவுரைக்குத் தேவையில்லை. தாமும் முன்பு குறையறியாது வாங்கியவர் என்பதும் ஒருவர்க்கு விலக்குத் தாராது. தமக்கு இழைக்கப்பட்ட தீங்கை அதற்குத் தொடர்பில்லாத மூன்றாமவரிடம் தள்ளிவிடுதல் ஈடுபெறுதலன்று; தீங்கைத் தொடர்தலேயாகும்.

நான்காவது, பணம் கைமாறியவுடன் உறவு முடிந்தது என்னும் எண்ணம். பதிவேட்டில் பெயர் மாற்றப்படாத வண்டி விபத்துக்குள்ளானால், பதிவுபெற்ற உரிமையாளரே இழப்பீட்டிற்குப் பொறுப்பாவார் என உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. ஏட்டளவிலான தொடர்பிற்கே இவ்வளவு பொறுப்பு உண்டெனின், பிரேக்கில் உள்ள குறையை அறிந்தே கொடுத்தவரின் அறப்பொறுப்பு அதனினும் பெரிது. அக்குறையால் தாக்குண்பவர் விற்பனையில் கலந்துகொள்ளாத வழிப்போக்கராகவும் இருக்கலாம். இருக்கிற நிலையிலேயே வாங்குகிறேன் என அவர் எவரிடமும் ஒப்புக்கொண்டவரல்லர்.

கடமையின் அளவு

விற்பவர் அறிந்ததனைத்தையும் கூற வேண்டுமா எனின், வேண்டுவதில்லை. கண்ணால் காணத்தக்க கீறலைச் சுட்டிக்காட்டல் நற்பண்பு, கடமையன்று. தாம் வாங்கிய விலையையும், தமக்கு எவ்வளவு விரைவில் பணம் தேவை என்பதையும் அவர் தம்முள் வைத்துக்கொள்ளலாம். அவை பொருளின் குறைகளல்ல. பாதுகாப்பையோ விலையையோ வாங்கும் முடிவையோ மாற்றக்கூடிய மறைகுறையே கூறப்பட வேண்டியது. உறுதியாகத் தெரியாததை ஐயம் என்றே கூறலாம்.

அக்குறை எது என்பதை அறிய விற்பவரின் பழக்கமே போதிய சான்றாகும். ஏற்றமான சாலையைத் தவிர்த்தல், கூலன்ட் புட்டியை வண்டியிலேயே வைத்திருத்தல், மழைநாளில் கூரையுள்ள இடம் தேடி நிறுத்துதல் என அவர் தமக்காக எவற்றைப் பேணினாரோ அவையே பிறர்க்குச் சொல்லத்தக்கவை. தம் தம்பியிடமோ மகளிடமோ சாவியைக் கொடுக்கும்போது எவற்றைச் சொல்லி அனுப்புவாரோ அவற்றை அயலாரிடமும் சொல்லுதலே, தமதுபோலப் பேணுதல் என்பதன் நடைமுறைப் பொருள் எனலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், விற்பவர் பேச வேண்டிய கடமை வாங்குபவரின் வினாவிலிருந்து பிறப்பதன்று. இருவரிடையே உள்ள அறிவின் ஏற்றத்தாழ்விலிருந்து பிறப்பது என்பது பெறப்படும். தேவராஜ அங்காடியின் வெற்றிலைக் கவுளியில் அவ்வேற்றத்தாழ்வு மிகச் சிறிது. அதே மொஹல்லாவில் நிற்கும் மகிழுந்தில் அது மிகப் பெரிது. பொருள் தன் குறையைத் தானே காட்ட இயலாத அளவிற்கு உடையவரின் சொற்கடன் மிகுகிறது. சட்டம் உறவினர்க்கு மட்டும் உரியதாக்கிய அக்கடனைத் தமிழ் மரபு வாணிகர் அனைவர்க்கும் உரியதாக்கியது. இயந்திரங்கள் மேலும் நுட்பமாகி, குறைகள் மேலும் உள்ளே ஒளிந்துகொள்ளும் இக்காலத்தில், பகர்தல் என்னும் சொல்லின் இரு பொருளும் பிரியாதிருத்தல் முன்னெப்போதினும் இன்றியமையாததாகிறது.